வேலியில் உட்கார்ந்தவள்

காலை ஆறு மணித் திறப்பு முடிந்து ஒலிங்கா கட்டையை விட்டு எழுந்தபோது அவளுடைய வலது கையில் அழுத்தி எண்ணுகிற கிளிக்கர் நான்கு என்று காட்டியது. நான்கே நான்கு ராஜா மீன். இடது கைக் கிளிக்கரில் நூற்றுப் பதினேழு. அதெல்லாம் நாய் மீன். நாய்க்குப் போடுகிற மீனுக்காக யார் இங்கே தவம் கிடந்தார்கள்? அவள் வாசலை இறக்கி மூடினாள். கூடாரத்துக்குள் போய் நோட்டில் நான்கைச் சேர்த்தாள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தாள். இரக்கப்பட்டு மாறுவதற்குக் கூட்டல் என்ன சொந்தக்காரனா? அதே எண்பதுதான்.

அன்று வெள்ளிக்கிழமை, ஜூலை பத்து. அன்று நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் மூவாயிரம் ராஜா மீன் அனாரிக் ஆற்று வேலியைத் தாண்டி, முட்டையிட மேலே போயிருக்க வேண்டும். போயிருந்தால் ஊர் வலையை இறக்கலாம். ஒன்று குறைந்தாலும் திங்கட்கிழமை நண்பகல் வரை வலை கரையில்தான். மூன்று நாள்தானே என்று வெளியூர்க்காரன் சொல்வான். அவனுக்கென்ன, கடையில் வாங்கித் தின்கிறவன். ராஜா மீன் சால்மனிலேயே பெரியது, உடம்பெல்லாம் கொழுப்பு. வடகாற்று அடிக்கும்போதே கீறிக் கொடியில் போட்டால்தான் உண்டு. மழை பிடித்துவிட்டால் ஈ மொய்த்துப் புளித்துப்போகும், அப்புறம் புகை போட்டும் பிரயோசனமில்லை. ஒரு வாரமாக நல்ல வடகாற்று. புதன்கிழமைக்குள் மழை என்று வானிலைக்காரன் சொல்லிவிட்டான். ஆற்றோர மீன்குடிசைகளில் முப்பத்தெட்டு குடும்பங்கள் கத்தியைத் தீட்டி, கொடியைக் கட்டி, மூன்று வாரமாகக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. அத்தனை பேர் கண்ணும் ஒலிங்காவின் வலது கட்டைவிரல் மேல்தான்.

வேலி என்றால் தோட்டத்து வேலி இல்லை. அறுபது மீட்டர் அகல ஆற்றைக் கரைக்குக் கரை மறித்து, விரல் மட்டும் நுழைகிற இடைவெளியில் குழாய்களை அடுக்கிக் கட்டிய தட்டிகள். தண்ணீர் போகும், மீன் போகாது. நடுவில் ஒரே ஒரு வாசல். வாசலுக்கு அடியில், ஆற்றுப் படுகையில், ஒரு வெள்ளைப் பலகை. ஒரு நாளைக்கு நான்கு தடவை வாசலைத் திறப்பார்கள். மேலே குறுக்குக் கட்டையில் உட்கார்ந்திருப்பவர் அந்த வெள்ளையின் மேல் போகிற ஒவ்வொரு மீனையும் இன்னது என்று பார்த்து அழுத்த வேண்டும். ராஜாவுக்கு வலது கை, மற்றதற்கு இடது கை. வால் பலகையின் மேல்விளிம்பைத் தாண்டினால்தான் கணக்கு. தலை நுழைந்தது, பாதி வந்தது, வந்து பார்த்துவிட்டுப் போனது எதுவும் கணக்கில் சேராது.

ஒன்பது வருடத்துக்கு முன் மீன்துறை இந்த வேலியைப் போட்டபோது கல்லூரிப் பையன்கள் ஆறு பேர் விமானத்தில் வந்து இறங்கினார்கள். ஒலிங்கா சமையல்காரியாக வந்தவள். பாத்திரம் கழுவுகிற சாக்கில் கரையில் நின்று அவளும் பார்த்தாள். பாதி வந்து திரும்புகிற மீனை ஒரு தரம், அதுவே மறுபடி வரும்போது இன்னொரு தரம் என்று பையன்கள் கூசாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள். அவள் வாய் சும்மா இருக்குமா? "தம்பிகளா, உங்க கணக்குப்படி பாத்தா இந்நேரம் ஆத்துல தண்ணிக்கு இடம் இருக்காது" என்று சொல்லிவிட்டாள். சிரித்தார்கள். ஆகஸ்டில், மீன்கள் முட்டையிட்டுச் செத்து ஒதுங்கியபோது, கரையோரமாக நடந்து எண்ணிப் பார்த்தால் அவர்கள் எண்ணில் பாதிகூடத் தேறவில்லை. அடுத்த வருடம் கட்டையில் உட்கார்ந்தது ஒலிங்கா. இன்றைக்கு விமானத்தில் பறந்து எண்ணுகிறவனும், கீழ் ஆற்றில் தண்ணீருக்குள் ஒலி அனுப்பி எண்ணுகிற கருவிக்காரனும் கடைசியில் அவள் நோட்டைக் கேட்டு வாங்கித்தான் தங்கள் எண்ணைத் திருத்திக்கொள்கிறார்கள். அவளுக்கு அதில் பெருமை உண்டா என்றால், உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

ஏழு மணிக்கு யாகோ மாமாவின் படகுச் சத்தம் கேட்டது. ஒலிங்காவின் அம்மாவோடு பிறந்த தாய்மாமன், ஊர்க்குழுத் தலைவர். பின்னால் இன்னும் மூன்று படகுகளில் ஆட்கள். கரையில் கால் வைத்ததும் வைக்காததுமாகக் கேட்டார்.

"எத்தனை?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பது, மாமா."

யாகோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். படகில் இருந்தவர்கள் முகத்தைப் பார்க்காமல், ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இருபது. வெறும் இருபது மீனு."

"ஆமா. இருபது."

"நேத்து சாயங்காலம் தண்ணி கலங்கலா இருந்துச்சாமே?"

"இல்ல மாமா. கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"கலங்கலா இருந்திருந்தா நாலஞ்சு தவறிப் போயிருக்கும்ல?"

"மாமா, சுத்தி வளைக்காதீங்க. இருபதைச் சும்மா எழுதச் சொல்றீங்க. அதானே?"

யாகோவுக்குச் சுருக்கென்று வந்தது. "எழுதினா என்னடி? அந்த மீன்துறை ஆபீசர் வந்து ஒவ்வொண்ணா வால் புடிச்சு எண்ணப் போறானா? முப்பத்தெட்டு வீட்டுக் குளிர்காலச் சாப்பாடு! நீயும் இந்த ஊர்ல சாப்பிடறவதானே? ஊர் வயித்துல அடிச்சுட்டு உனக்கு எதுக்கு அந்த நோட்டு?"

"என் வீட்டுக் கொடியும்தான் மாமா காலியாக் கெடக்கு. இல்லாத மீனை என்னால எழுத முடியாது. வேற ஆளை உக்கார வெச்சு எழுதிக்கோங்க."

யாகோ போய் ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து முதுகைக் காட்டினார். படகுக்காரர்களில் ஒருத்தி எல்லாருக்கும் கேட்கிறமாதிரி பெருமூச்சு விட்டாள். பெற்ற தாய் போனபிறகு ஒலிங்காவை ஒரு சொல் கடிந்து பேசாத மாமன் அவர்.

சாப்பிடத்தானே வேண்டும்? எல்லாருக்கும் தேநீர் ஊற்றி, பெரிய தகர டப்பாவிலிருந்து கெட்டி பிஸ்கட்டையும், போன வருடத்துக் காய்ந்த மீனையும், கடல்நாய் எண்ணெயையும் எடுத்து வைத்தாள். அப்போதுதான் நிகிஃபர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடாரத்திலிருந்து வந்தான். யாகோவின் மகன். ஒலிங்காவுக்கு மாமன் மகன். வேலியில் இரண்டாவது ஆள். ஒரு நாளின் நான்கு திறப்பில் இரண்டு அவனுடையது. முறை உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் வாரலாம், வாரப்பட்டவர் முகம் சுளிக்கக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். நேரில் சொல்ல முடியாத குற்றத்தைக்கூட முறைக்காரன் கேலியாகச் சொல்லிவிட்டுப் போவான். நிகிஃபரோ வழக்கமே இல்லாவிட்டாலும் வாருகிற ஜென்மம்.

"என்ன, அத்தை மக மூஞ்சி நாலு நாள் ஊறின மீன்தலை மாதிரி இருக்கு?"

"யோவ் மச்சான், இருக்கற கடுப்புல என்கிட்ட வாங்கிக் கட்டிக்காதே. இருபது குறையுது."

"குறையத்தான் செய்யும். ஏன் குறையாது?" அவன் பிஸ்கட்டை எண்ணெயில் தோய்த்தான். "உனக்குத்தான் மீன்கிட்ட ஒரு மரியாதையே கிடையாதே. கதவைத் தொறந்ததும் வர்ற மொத ஆளையே டக்குனு அழுத்திடறே. வாசப்படி மிதிக்கிற விருந்தாளியை ஒண்ணு, ரெண்டுனு எண்ணினா யார் வருவா? நானெல்லாம் ஒருநாளும் மொத ஆளை அழுத்தினதில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். ஒலிங்காவும் பாதி சிரித்துவிட்டாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னே?"

"என்ன சொன்னேன்?"

"மொத மீனை அழுத்த மாட்டியா?"

"அது எங்க அம்மா சொல்லிக் குடுத்தது. மொத வர்ற விருந்தாளியை முறைச்சுப் பாக்கக் கூடாது, தலையைக் குனிஞ்சு 'வாங்க'ன்னு சொல்லணும். சொல்லிட்டு ரெண்டாவதுலருந்து எண்ணுவேன். ஒரு மீனுதானே?"

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். ஏன், பாதி தடவை மரியாதை குடுப்பாங்களா?"

யாகோ வாளியிலிருந்து எழுந்துவிட்டார். செத்துப்போன மனைவியின் பேச்சு காதில் விழுந்ததாலா, கணக்குப் புரிந்ததாலா என்று சொல்ல முடியாது. ஒலிங்கா அதற்குள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஜூன் இருபதிலிருந்து இன்று வரை நிகிஃபரின் கையெழுத்து போட்ட திறப்புகள், அவளுக்குப் பதிலாக உட்கார்ந்த ஒன்றையும் சேர்த்து, நாற்பத்தொன்று. நாற்பத்தொரு மீன் கணக்கில் ஏறாமல் தலை நிமிர்ந்து மேலே போயிருக்கிறது.

"அட மடையா! அட அறிவுகெட்ட மச்சான்! ஒம்போது வருஷமா ஒரு சொட்டை சொள்ளை சொல்ல விடாம இந்த நோட்டைக் காப்பாத்தறேன். நீ உக்காந்து விருந்து உபசாரம் பண்ணியிருக்கே!"

"உனக்கு முன்னாடியே தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கு எப்படிய்யா தெரியும்? நீ குனியறது எனக்குக் கனவுலயா வரும்?"

கரையில் ஒரே கூச்சல். நாற்பத்தொன்று! எண்பதோடு நாற்பத்தொன்று சேர்த்தால் மூவாயிரத்துக்கு மேலே இருபத்தொன்று! ஒருவன் படகுக்கே ஓடிவிட்டான், வலையைப் பிரிக்க. யாகோ கையை உயர்த்தி, "எழுது ஒலிங்கா, இப்ப எழுது. இது பொய்யில்லையே" என்றார்.

ஒலிங்கா எழுதவில்லை. "நாப்பத்தொண்ணு மீனு போயிருக்கு மாமா. ஆனா நாப்பத்தொண்ணும் ராஜாவா? மொத வந்தது நாயா இருந்தா? செவப்பு மீனா இருந்தா?"

நிகிஃபர் தலையைச் சொறிந்தான். "தலையைக் குனிஞ்சுக்கிட்டா எப்படிப் பாக்கறது?"

வாசலின் பக்கவாட்டில் தண்ணீருக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு, அதில் ஒரு கேமரா. சந்தேகம் வந்தால் பார்ப்பதற்காக மீன்துறை வைத்தது. ஒன்பது வருடத்தில் அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் ஒலிங்காவுக்கு வந்ததேயில்லை. அதுவும் அவளுடைய பெருமைகளில் ஒன்று. அதைத் திறப்பது என்றால், வேலியில் பிசகு நடந்தது என்று ஒப்புக்கொள்வது. பத்திரமாக மூடி வைத்துவிட்டு எண்பதையே சொல்லிவிட்டுப் போனால் நோட்டு சுத்தமாக இருக்கும், ஊர் பட்டினி கிடக்கும். ஒரு நிமிடம் அவள் அங்கேயே நின்றாள். பிறகு லேப்டாப்பை எடுத்து வந்து சாப்பாட்டு மேசை மேல் வைத்தாள்.

"எல்லாரும் வாங்க. சேந்து பாப்போம். ஆனா இன்னதுன்னு சொல்றது நான்."

எட்டரை மணிக்கு ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு திறப்பின் பதிவையும் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டு, முதல் வால் விளிம்பைத் தாண்டுகிறவரை பார்ப்பது. அந்த ஒரு மீனை நிறுத்தி, முதுகையும் வாலையும் பார்ப்பது. முதுகிலும் வாலிலும் கரும்புள்ளி இருந்தால் ராஜா. விலாவில் ஊதாப் பட்டை ஓடினால் நாய். முதல் பதிவு ராஜா. ஹோ என்று கத்தினார்கள். அடுத்த இரண்டும் நாய். அதற்கடுத்தது ராஜா. ஒரு பதிவில் பத்து நிமிடம் ஆற்றைத் தவிர ஒன்றுமே வரவில்லை. நிகிஃபர், "வந்துட்டிருக்காங்க, வந்துட்டிருக்காங்க, வீட்டைப் பூட்டிட்டு வரணும்ல" என்றான். யாகோகூடச் சிரித்துவிட்டார்.

ராஜா ஒவ்வொன்றுக்கும் ஒலிங்கா நோட்டில் தேதியும் மணியும் எழுதினாள். இருபதாவது பதிவு முடிந்தபோது பத்து. முப்பதில் பதினைந்து. நாற்பதாவது பதிவு ஓடி முடிந்தபோது பத்தொன்பது. இன்னும் ஒரு பதிவு பாக்கி. ஒரு ராஜா போதும். கொசு கடித்தால்கூட யாரும் அடிக்கவில்லை.

பெரிய மீன் ஒன்று திரையின் கீழ்மூலையிலிருந்து வந்தது. நல்ல நீளம். கொழுத்த உடம்பு.

"ராஜா!" யாகோ மேசையைத் தட்டினார். குவளைகள் குதித்தன. "பாரு அந்த உடம்பை! ராஜா!"

ஒலிங்கா படத்தை நிறுத்தினாள். வாலைப் பார்த்தாள். முதுகைப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லை. விலாவில், கலங்கலுக்கு நடுவே, ஊதாவாக இரண்டு பட்டை. அவள் மறுபடி வாலுக்கே போனாள். பேசினால் அந்த மீன் நிஜமாகவே நாய் மீனாகிவிடும் என்று பயந்தவள்போல.

"நாய், மாமா. பெரிய ஆண் நாய்."

"நல்லாப் பாருடி!"

"நீங்களே பாருங்க. எழுபது வருஷமா மீன் கீறற கை உங்களது. இதைக் கீறினா உள்ள என்ன நிறம் வரும்? சொல்லுங்க."

யாகோ குனிந்து பார்த்தார். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. நிமிர்ந்து, "நாய்தான்" என்றார்.

எண்பதும் பத்தொன்பதும் தொண்ணூற்றொன்பது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. இந்த ஆறு இப்படி ஒரு விளையாட்டு விளையாடும் என்று யார் கண்டார்கள்!

மணி பத்து ஐம்பது. பதினொரு மணித் திறப்பு இருந்தது. ஒலிங்கா கூச்சம் தடுக்கிற கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு கிளிக்கரையும் பூஜ்யத்துக்குத் திருப்பி, குறுக்குக் கட்டையில் போய் உட்கார்ந்தாள். நிகிஃபர் வாசலைத் தூக்கினான். படகில் வந்தவர்கள் கரையில் வரிசையாக நின்றார்கள். தண்ணீரில் நிழல்கூட விழாதபடி பின்னால் தள்ளியே நின்றார்கள்.

நாய் மீன்கள் வந்தன. இடது கட்டைவிரல் சலிக்காமல் வேலை செய்தது. சிவப்பு மீன் ஏழு போயிற்று. பதினொன்றரை. பதினொன்றே முக்கால். ராஜாவைக் காணோம். ஐந்து வாரம் கடலிலிருந்து நீந்தி வருகிறவன், ஒரு நிமிடம் முன்னே வந்தால் குறைந்தா போய்விடுவான்?

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு வந்தான். ஆழத்திலிருந்து மெதுவாக ஏறி, வாசலின் கீழே நின்றான். முழங்கையிலிருந்து தரை வரை நீளம், வாலெல்லாம் புள்ளி. இதில் சந்தேகமே வேண்டியதில்லை. கரையில் பத்துப் பதினைந்து பேரின் மூச்சு ஒன்றாக இழுபட்டது. மீன் முன்னே நகர்ந்தது. தலை வெள்ளைப் பலகையின் மேல் வந்தது. முதுகு வந்தது. விளிம்பைத் தலை தாண்டியது. முக்கால் உடம்பு தாண்டியது. அங்கேயே, வாலை லேசாக ஆட்டிக்கொண்டு, நின்றது.

"தாண்டிடுச்சு!" என்று யாகோ அடித்தொண்டையில் சொன்னார். "அழுத்து. அழுத்துடி, என் கண்ணுல்ல!"

ஒலிங்காவின் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. வேர்த்திருந்தது. ஒரு முக்கால் அடி. வால் இன்னும் முக்கால் அடி நகர வேண்டும். அவள் வாய்க்குள், "போ சாமி, போ, போயிடு" என்று கெஞ்சினாள். அவள் வாழ்க்கையில் எந்த மனிதனிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

மீன் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு திரும்பு திரும்பி, வந்த வழியே கீழே போய்விட்டது.

பன்னிரண்டு அடித்தது. வலது கிளிக்கரில் பூஜ்யம். அவள் கட்டையை விட்டு இறங்கி நடந்தபோது யாரும் அவளுக்கு வழி விடவும் இல்லை, வழி மறிக்கவும் இல்லை. ரேடியோவை எடுத்தாள். அது எல்லாரும் கேட்கிற பொது அலைவரிசை. அனாரிக் ஆற்றிலும் அது போய்ச் சேர்கிற பெரிய ஆற்றிலும் உள்ள ஒவ்வொரு மீன்குடிசையிலும் அந்த நேரத்துக்கு ரேடியோ திறந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"அனாரிக் வேலி. ராஜா மீன் மொத்தம் ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது."

கரகரப்பு. பிறகு மீன்துறை அதிகாரி லிண்ட்கிரென் குரல். "ஒலிங்கா, நேத்து நீங்க சொன்னது தொள்ளாயிரத்து எழுபத்தாறு. ஒரே நாள்ல இருபத்து மூணா?"

"காலைல நாலு. மீதிப் பத்தொம்போது பழசு. எங்க ஆள் ஒருத்தர் ஒவ்வொரு திறப்புலயும் மொத மீனை எண்ணாம விட்டிருக்கார். நாப்பத்தொரு திறப்பு. கேமராவுல பாத்தேன். அதுல பத்தொம்போது ராஜா. தேதி, மணி எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். தப்பு எங்க வேலியோடது. நான் முன்னாடியே கவனிச்சிருக்கணும்."

ஊர் உலகம் கேட்க இதைச் சொல்லிவிட்டு அவள் பொத்தானை விட்டாள். நிகிஃபர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் தடவையாக அவனிடம் கேலி எதுவும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு குறையுது" என்றார் லிண்ட்கிரென்.

"ஆமா. ஒண்ணு வந்துச்சு. முக்காவாசி தாண்டிட்டுத் திரும்பிடுச்சு. அதை எண்ணல."

"ஒலிங்கா, கடைசி நாள்ல பழைய மீன் இருபது கெடச்சுதுன்னு நீங்க சொல்லியிருந்தா, நான் இன்னைக்கே விமானம் ஏறி அந்தக் கேமராவைப் பாக்க வந்திருப்பேன். பத்தொம்போதுன்னு சொல்றவங்களைப் பாக்க வர வேண்டிய அவசியம் எனக்கு இல்ல. உங்க எண்ணை அப்படியே எழுதிக்கறேன். ஆனா சட்டம் சட்டம்தான். திங்கட்கிழமை வரைக்கும் வலை இறங்கக் கூடாது. மன்னிச்சுக்கோங்க."

முடிந்தது. மூன்று நாள் வடகாற்று போயிற்று. திங்கட்கிழமை வலை இறங்கி, செவ்வாய் ஒரு நாள் நல்ல காய்ச்சல் கிடைத்து, புதன்கிழமை மழை வந்தது. அந்தக் குளிர்காலம் எல்லா வீட்டிலும் கொடி கொஞ்சம் மெலிந்துதான் இருந்தது. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. கரையில் நின்றவர்களுக்கு அது அப்போதே தெரியும். பெருமூச்சு விட்ட அந்தப் பெண் ஒலிங்காவைப் பார்க்காமல் படகை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். யாகோ அசையாமல் நின்றார்.

அப்போது ரேடியோவில் இன்னொரு குரல் வந்தது. பெரிய ஆற்றின் கீழ்க்கரை ஊர்க்காரன், மத்ஃபி. எப்போதும் அனாரிக் ஊரை மட்டம் தட்டுவதில் அவனுக்கு ஒரு சுகம்.

"என்ன யாகோ, ஊர்ல வேற ஆளே இல்லியா? ஒரு மீனைக் கூட்டி எழுதத் தெரியாத பொம்பளையை வேலில உக்கார வெச்சு ஊரையே பட்டினி போடறே! எங்க ஊரா இருந்தா இந்நேரம் வலை நனைஞ்சிருக்கும்."

யாகோவின் காது சிவந்தது. காலையிலிருந்து இதே வார்த்தையைத்தான் அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் தான் திட்டுவது வேறு, ஊரான் திட்டுவது வேறு. நான்கே எட்டில் வந்து ஒலிங்காவின் கையிலிருந்து ரேடியோவைப் பிடுங்கினார்.

"மத்ஃபி, வாயை மூடிக்கிட்டுக் கேளு. எல்லாக் குடிசையும் கேளுங்க, யாகோ பேசறேன். எண்ணினது என் தங்கச்சி மக. ஒண்ணு குறையுதுன்னா ஒண்ணு குறையுது. நான் பக்கத்துல நின்னு அழுத்துன்னு சொன்னேன், அழுத்தல. நாய் மீனை ராஜான்னு நானே கத்தினேன், ஒத்துக்கல. என்னையே ஒத்துக்காதவ ஒன்னை ஒத்துக்குவாளா? இந்த ஆத்துல என்ன மீன் போகுதுன்னு இந்த உலகத்துல ஒருத்திக்குத்தான் தெரியும், அவ எங்க வீட்டுப் பொண்ணு. திங்கட்கிழமை வரைக்கும் ஒருத்தன் வலையும் நனையக் கூடாது. நனைஞ்சா நானே வந்து அறுப்பேன். கேட்டுச்சா?"

கரகரப்பு. பிறகு ஒரு பெண் குரல்: "மேல்வளைவுக் குடிசை. கேட்டுச்சு. வலை போடல." அடுத்து ஒரு கிழவர்: "பாறையடி. போடல." அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. படகை நோக்கிப் போன பெண் திரும்பி வந்து நின்று கேட்டாள். ஒலிங்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வந்தது, விட்டுவிட்டாள்.

கடைசியில் மத்ஃபியின் குரலே வந்தது. இப்போது அதில் கேலி இல்லை, கொஞ்சம் வெட்கம் இருந்தது. "யாகோ... அடுத்த வருஷம் எங்க ஆத்துலயும் வேலி போடப் போறாங்க. வெளியாள் யாரும் எங்களுக்கு வேணாம். அந்தப் பொண்ணை ஒரு வருஷம் எங்களுக்குக் குடேன்."

யாகோ ஒலிங்காவைப் பார்த்தார். காலையிலிருந்து அப்போதுதான் முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"குடுக்க மாட்டோம்" என்றார். "வேணும்னா உங்க ஊர்லருந்து ரெண்டு பேரை இங்க அனுப்பு. அவ கத்துக் குடுப்பா."